ஆறாம் கட்டிலும் ஏழாம் கட்டிலும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பத்தொன்பது வருஷமா ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கிற வேலை. குத்தினதே தெரியலம்மான்னு ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி தலைக்கனம் வேற ஏறிப்போச்சு. அதான் அன்னிக்கு லேப்ல இருந்து அந்தக் கண்ணாடிக்காரப் பையன் சோடாபுட்டி போன் பண்ணினதும் எரிஞ்சு விழுந்தேன்.

"அக்கா, ஏழாம் கட்டில் அம்மாவுக்கு ரத்த குரூப் மாறி வருது. போன வருஷ ரெக்கார்டுல வேற இருக்கு."

"உன் கண்ணாடியைத் தொடைச்சுட்டுப் பாரு."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன்க்கா. நீங்க யார்கிட்ட எடுத்தீங்க?"

"யார்கிட்ட எடுப்பேன்? உன் மாமியார்கிட்டயா?" அவன் மூக்கை உடைக்கணும்னே வார்டுக்குப் போனேன்.

எங்க வார்டுல யாருக்கும் பேர் கிடையாது. ஆறுக்குக் காய்ச்சல், ஏழுக்கு ஊசி போட்டாச்சு, இப்படித்தான் பேச்சு. காலையில லேபிளை எல்லாம் மேஜையிலேயே குழாய்ல ஒட்டி எடுத்துக்கிட்டு, "ஆறாம் நம்பர்தானே? கையை நீட்டுங்க"ன்னுதான் ஆரம்பிச்சேன். மணிக்கட்டுல பேர் எழுதின பட்டை இருந்துச்சு. நரம்பு தேட இடைஞ்சலா இருக்குன்னு அதை மேல தள்ளிவிட்டேன்.

இப்ப போய்ப் பார்த்தா ஏழாம் கட்டில் காலியா இருந்துச்சு. ஆறுல ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தாங்க.

"உங்க பேர் என்னம்மா?"

சொன்னாங்க. என் பட்டியல்ல அது ஏழாம் நம்பரோட பேர்.

"இங்க எப்ப வந்தீங்க?"

"நேத்து சாயங்காலமே. பாத்ரூம் இந்தக் கட்டிலுக்குத்தான் பக்கம். எனக்கு மூட்டு வலின்னு இங்க இருந்த பொண்ணு தானே கட்டிலை மாத்திக் குடுத்துச்சு. தங்கமான பொண்ணு."

ஐயோன்னு ஆயிடுச்சு. ஆனா புத்தி உடனே கோணலா ஓடுச்சு. இவங்ககிட்ட மறுபடி எடுத்துட்டு, மொதல்ல எடுத்தது கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டா யாருக்குத் தெரியப்போகுது? அப்புறம்தான் உறைச்சது. இவங்க பேர் போட்ட குழாய்ல அந்தப் பொண்ணு ரத்தம்னா, அந்தப் பொண்ணு பேர் போட்டதுல இவங்க ரத்தம்.

"அந்தப் பொண்ணு எங்கம்மா?"

"ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களே."

சோடாபுட்டிக்குப் போன் போட்டேன். அந்தப் பொண்ணு புதுசா வந்தவ, ஒத்துப்பார்க்கப் பழைய ரெக்கார்டு இல்ல. அவளுக்குன்னு ரத்தப் பை ஆபரேஷன் ரூமுக்குப் போய்ப் பத்து நிமிஷம் ஆச்சுன்னான்.

ஓடினேன். படியில ஒரு செருப்பு கழண்டு போச்சு, திரும்பிக்கூடப் பார்க்கல. ஆபரேஷன் ரூம் வாசல்ல இருந்தே கத்தினேன். "அந்த ரத்தத்தை ஏத்தாதீங்க!"

முன்னறையில பையைத் தொங்கவிட்டு, குழாயை அந்தப் பொண்ணு கையில மாட்டப் போன நர்ஸ் அப்படியே நின்னாங்க. "பட்டையோட ஒத்துப் பார்த்தோமே. பேர் சரியாத்தானே இருக்கு?"

"பேர் சரி சிஸ்டர். பையில இருக்கிற ரத்தம்தான் இவளுக்குச் சேராது. ஏத்தினா உயிருக்கே ஆபத்து."

பையை இறக்கினாங்க. ஒரு சொட்டு உள்ள போகல. வெளிய வந்தேன்.

அவ புருஷன் அங்கதான் நின்னுட்டிருந்தார். என் ரெண்டு கையையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டார். "நீங்க மட்டும் ஓடி வரலேன்னா... எங்களுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க அக்கா." சொல்லிட்டே அழுதுட்டார்.

வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். இந்த வாய்க்கு அன்னிக்கு மட்டும் அது முடியல.

"தம்பி, ரத்தத்தை மாத்தி எடுத்ததே நான்தான்."

அவருக்குப் புரியல. இன்னொரு தடவை சொன்னேன். என் கையை விட்டுட்டார்.

"பேர் கேக்கலையா?"

"கேக்கல. கட்டில் நம்பரைத்தான் கேட்டேன்."

திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. அவர் கண்ணைத் தொடைச்சுட்டு ஆபரேஷன் ரூம் பக்கம் திரும்பிட்டார்.

உள்ள இருந்து நர்ஸ் புதுக் குழாயும் ஊசியும் கொண்டு வந்து நீட்டினாங்க. "வந்ததே வந்தீங்க, நீங்களே மறுபடி எடுத்துடுங்க. டாக்டர் காத்துட்டிருக்கார்."

நான் கை நீட்டுறதுக்குள்ள அவர் நகர்ந்து வந்து கதவை மறிச்சு நின்னுட்டார்.

"இவங்க வேண்டாம் சிஸ்டர்"ன்னார். "வேற யாராவது எடுக்கட்டும்."