டிரா போதும்

1

இந்தக் கதை ஒரு கடிதமாகத் தொடங்கியது. கால்பந்துச் சங்கத்தின் விசாரணைக் குழுவுக்கு நான் எழுதியிருக்க வேண்டிய கடிதம். "ஐயா" என்று போட்ட பிறகு கை ஓடவில்லை. கதை என்றால் யாரும் கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள் என்று இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் சர்வதேசப் போட்டி. அதன் தகுதிச் சுற்றில் அணியின் கோச் ஒரு பெரிய தவறு செய்தார். அவருக்கு விதிகள்..."

(அடித்துவிட்டேன். கோச் என் தங்கையின் கணவர். விதிகளைப் பார்ப்பது அவர் வேலையே இல்லை, மேனேஜரின் வேலை. மேனேஜர் நான்.)

3

சரி, நடந்ததையே சொல்லித் தொலைக்கிறேன். பிரிவில் நான்கு அணிகள், மேலே போவது இரண்டு. கடைசி ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என நிற்கிறது, பன்னிரண்டு நிமிடம் பாக்கி.

"மச்சான், டிரா போதுமா?" கோச் என்னைக் கேட்டார்.

"தாராளமா போதும் மாப்ள. புள்ளி சமமானாலும் கோல் வித்தியாசத்துல நாமதான் மேல."

புத்தகத்தைத் திறக்கவில்லை. விதிகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அவை போன வருட விதிகள். இந்த வருடம் மாற்றியிருந்தார்கள்: புள்ளி சமமானால், அந்த இரண்டு அணிகளும் மோதிய ஆட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். எங்களோடு சமமாக வரவிருந்த அணியிடம் முந்தைய ஆட்டத்தில் நாங்கள் தோற்றிருந்தோம். புதுப் புத்தகம் என் பையில் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

கேப்டன் பெண் கோட்டோரம் ஓடிவந்தாள். "சார், ஏறி ஆடட்டுமா? அவங்க களைச்சுப் போயிட்டாங்க சார்!"

"வேணாம்மா. பந்த பின்னாலயே சுத்துங்க" என்றார் கோச்.

சுற்றினார்கள். விசில் ஊதியதும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நாங்கள் வெளியே என்று ஒலிபெருக்கி சொன்ன பிறகும் மூன்று பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

4

காணொளியைப் பார்த்தவர்களெல்லாம் "ஆட்டத்த வித்துட்டான்" என்றார்கள். ஒரு கோல் வேண்டிய நேரத்தில் பந்தைப் பின்னால் சுற்றச் சொன்னவனை வேறென்ன சொல்வார்கள்?

தங்கை போனில் அழுதாள். "அவரு அப்படிப்பட்டவர் இல்லன்னு நீயாவது சொல்லுண்ணா."

"சொல்றேம்மா" என்றேன்.

5

முடிவு ஒன்று: விசாரணையில் மேனேஜர் எழுந்து, "தப்பு என்னோடது" என்கிறார்.

முடிவு இரண்டு: கோச் மேனேஜரைக் காட்டிக்கொடுக்கிறார். (அப்படி நடந்துவிடாதா என்று நான் ஏங்கியது உண்மை. வெட்கமாக இருக்கிறது.)

முடிவு மூன்று... இதைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. திங்கட்கிழமையே நடந்துவிட்டது. "யார் சொல்லி அப்படி ஆட வெச்சீங்க?" என்று கோச்சைக் கேட்டார்கள். நான் ஓய்வுபெற எட்டு மாதம்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாதான் முடிவு பண்ணேன்" என்றார். என்னைக் கேட்டார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

அவருக்கு வாழ்நாள் தடை. வெளியே வந்ததும், "சாப்ட்டுப் போலாம் வாங்க மச்சான்" என்றார், பாவி மனுஷன். போய்ச் சாப்பிட்டேன்.

6

மேல்முறையீட்டுக்கு நாளை மாலை ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது. தப்பு என்னுடையது என்று தங்கைக்கு இன்னும் தெரியாது. எந்த முடிவு வேண்டுமென்று நீங்களே சொல்லிவிடுங்கள், செய்கிறேன். ஏதாவது ஏடாகூடமானால், நீங்கள் சொல்லித்தான் செய்தேன் என்பேன்.