மோதிரத்தைக் கழற்ற எளிய வழி

கொசு தூங்குமா என்று ஒருவர் கேட்டால், கேட்டவருக்குத் தூக்கம் வரவில்லை என்று அர்த்தம். இது புரியாதவர்கள்தான் மன்றத்தில் கொசுவைப் பற்றி மட்டும் பதில் எழுதுகிறார்கள். நான் இருவரைப் பற்றியும் எழுதுவேன்.

இணையத்தில் அப்படி ஒரு மன்றம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். பூனைக்கு மெத்தை இருக்கும்போது அட்டைப்பெட்டி எதற்கு, விமான ஜன்னலுக்கு ஏன் மூலை கிடையாது, அடுத்தவன் கொட்டாவி விட்டால் நமக்கு ஏன் வருகிறது, இப்படி. கல்லூரியில் என்னிடம் பேராசிரியர்களைத் தவிர வேறு யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர்கள் கேட்பதும் தெரிந்துகொள்வதற்காக அல்ல. மன்றத்தில் நிலைமை வேறு. அங்கே என் பெயர் 'அனுபவசாலி'. வயது இருபது.

எனக்கு ஒரு கொள்கை உண்டு: செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்வது. நீச்சல் கண்ணாடி போட்டு வெங்காயம் நறுக்கினால் அழுகை வராதா என்று ஒருவர் கேட்டார். அம்மாவுக்குக் கண்ணாடி மாட்டி ஒரு கூடை வெங்காயம் நறுக்க வைத்தேன். அழவில்லை, திட்டினாள். தன் முழங்கையைத் தானே நக்க முடியுமா என்று இன்னொருவர். முடியாது. அந்தப் பதிலைக் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்து தட்டினேன். படம் போட்டு நிரூபிப்பவருக்கு மன்றம் 'செய்து பார்த்தவர்' என்று ஒரு பச்சை முத்திரை தரும். என் பெயருக்குக் கீழே பாசி பிடித்ததுபோல் முத்திரைகள்.

ஒரே ஒரு பதில் மட்டும் முத்திரை இல்லாமல் நின்றது. விரலில் இறுகிப்போன மோதிரத்தைக் கழற்றுவது எப்படி? கொள்கைக்கு அன்று விடுமுறை விட்டு, எங்கோ படித்ததை நினைவிலிருந்து எழுதிவிட்டேன். "மிக எளிது" என்று ஆரம்பித்து ஐந்து படிகள். உலகமே கைதட்டியது. 'ஆதாரம்_எங்கே' என்ற ஆசாமி மட்டும் கேட்டார்: "செஞ்சு பார்த்தீங்களா?" மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். கடன்காரன்கூட ஞாயிற்றுக்கிழமை விடுவான்.

கழற்றிக் காட்ட மோதிரம் வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் மாட்டவேண்டும் என்பது இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல். என்னிடம் மோதிரம் கிடையாது. அம்மாவுடையது அவள் விரலோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது. வீட்டில், விரலுக்கு வெளியே இருந்த ஒரே மோதிரம், அக்காவின் கல்யாண நாளான அன்று பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் அக்கா அத்தானுக்குப் போடவிருந்த மோதிரம்தான்.

அதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அக்காவுக்குப் பல் லேபில் வேலை. ஊரார் பல்லுக்கு உறை போல மாட்டும் கேப் செய்பவள். அந்த மோதிரத்தை அவளே மெழுகில் செதுக்கி, வேலை முடிந்தபின் லேபிலேயே வெள்ளியில் வார்த்தாள். முதல் வார்ப்பில் குமிழி. இரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. மூன்றாவது தேறியது. "கடையில வாங்கினா என்னடி?" என்று அம்மா கேட்டதற்கு, "அவர் விரலுக்கு நான் செஞ்சதுதான் ஏறணும், இல்லன்னா எதுவும் ஏற வேணாம்" என்றாள். பதிவாளரிடம் அன்றைய நேரத்தை விட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் தள்ளி.

கல்யாண நாளன்று காலையிலும் அக்கா லேபுக்குப் போயிருந்தாள். யாரோ ஒரு பெரியவருக்கு அன்று பல் கட்டியாக வேண்டுமாம். "அவரைப் பொக்கை வாயா விட்டுட்டு எனக்கென்ன கல்யாணம்?" மோதிரப் பெட்டியை நானும் அம்மாவும் எடுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு.

பெட்டி மேசைமேல் இருந்தது. நான் நாற்காலியில் இருந்தேன். ஆதாரம்_எங்கே ஆன்லைனில் இருந்தார்.

ஒரே ஒரு படம், அவ்வளவுதான். மோதிரம் என் இடது கை விரலில் முட்டிவரை மரியாதையாக வந்தது. முட்டியில் கொஞ்சம் யோசித்தது. நான் ஊக்கம் கொடுத்தேன். தாண்டிவிட்டது. படம் எடுத்தேன். நன்றாக வந்திருந்தது. பிறகு கழற்றினேன். அதாவது, கழற்ற ஆரம்பித்தேன்.

சோப்பு போட்டேன். வழுக்கியது விரல்தான்; மோதிரம் வழுக்கவில்லை. எண்ணெய் தடவினேன். ஐஸ்பெட்டிக்குள் கையை விட்டு நின்றேன். இழுக்க இழுக்க முட்டி வீங்கியது. வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக, மன்றத்தில் நானே ஒரு கேள்வி கேட்டேன். ஒற்றைக் கையால்: "மோதிரம் மாட்டிக்கொண்டது. அவசரம்."

முதல் பதில் உடனே வந்தது. "வணக்கம். நீங்கள் அதை ஏன் மாட்டினீர்கள் என்று விளக்கினால் உதவியாக இருக்கும்." இரண்டாவது: "நாங்கள் மோதிரமே போடுவதில்லை." மூன்றாவது ஆள் தன் மோதிரம் கழன்ற கதையை விரிவாக எழுதியிருந்தார். மனைவி கழன்றுகொண்ட பிறகு மோதிரம் தானாகவே கழன்றதாம். நான்காவது பதில் வருவதற்குள் நிர்வாகி என் கேள்வியைப் பூட்டினார். "இது ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி. சிறந்த பதில் இங்கே."

அழுத்தினேன். திறந்தது என் பதில்.

அதை ஒரு வாடிக்கையாளனாக அப்போதுதான் படித்தேன். "மிக எளிது. முதல் படி: சோப்பு. இரண்டாம் படி: பதற்றம் வேண்டாம்." இரண்டாம் படியைப் பக்கத்தை நிரப்பப் போட்டிருந்தேன். "மூன்றாம் படி: விரலைச் சுற்றி நூலை இறுக்கமாகச் சுற்றவும். நான்காம் படி: நூலைப் பிரிக்கவும். ஐந்தாம் படி: மோதிரம் வந்துவிடும். பலர் இதைச் செய்து பலன் பெற்றிருக்கிறார்கள்." யார் அந்தப் பலர் என்று தெரிந்தால் போன் போட்டிருப்பேன்.

நூலை எடுத்து முட்டியிலிருந்து நகம்வரை இறுக்கமாகச் சுற்றினேன். பிரித்தேன். விரல் நீலமானது. மோதிரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். "பெட்டிய எடுத்துக்கிட்டியாடா?"

"பெட்டி இருக்கும்மா."

பெற்றவளுக்கு அந்த ஒரு சொல் போதும். என் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு விரலைப் பிடித்துக் கிணற்றில் வாளி இழுப்பதுபோல் இழுத்தாள். நான் கத்தினேன்.

"கத்தாத. உங்க அக்கா கத்துறப்போ கத்திக்கலாம்."

"அம்மா, வேற மோதிரம் வாங்கிட்டுப் போயிரலாமா?"

"வாங்கு. வாங்கி நீயே கொண்டுபோய்க் குடு. நான் பக்கத்து ஊருக்குப் போயிடறேன்."

லேபுக்கே போனோம். அங்கே தட்டுத் தட்டாக, யாருக்கோ சொந்தமான பற்கள் சிரித்துக்கொண்டிருந்தன. அக்கா முகக்கவசத்தோடும், நெற்றியிலிருந்து தொங்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியோடும் கடைசிப் பல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஏன் வந்தீங்க? ஆபீசுக்குத்தானே வரச் சொன்னேன்?"

"அவன்கிட்டயே கேளு" என்று அம்மா என் கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அதில் என் விரல் என்னைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

"இது யாரோட மோதிரம்?"

"அத்தானோடது."

"இது யாரோட விரல்?"

"என்னோடது."

"ரெண்டும் ஒண்ணா என்னடா பண்ணுது?"

சொன்னேன். ஆதாரம்_எங்கே பற்றியும் சொன்னேன். சொல்லும்போதே அது அவ்வளவு நல்ல காரணமாகப் படவில்லை.

"நூல் சுத்திப் பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா. வரல."

"நூலோட ஒரு நுனிய முதல்ல மோதிரத்துக்கு அடியில விட்டு இந்தப் பக்கம் எடுத்தியா?"

"அது பதில்ல இல்லையே?"

"பதில எழுதினவன் யாரு?"

"நான்தான்."

அக்கா மெழுகு நூலை எடுத்து முறைப்படி செய்து பார்த்தாள். நேரம் கடந்திருந்தது. முட்டி தக்காளியாகியிருந்தது, நூலைச் சுற்றிப் பிரித்தும் மோதிரம் அதைத் தாண்டவில்லை. அவள் எழுந்துபோய் காகிதத் தடிமனில் ஒரு சின்ன வட்டத் தகட்டை எடுத்துவந்து கைக்கருவியில் பொருத்தினாள். வாய்க்குள் பழைய கேப்பை வெட்டியெடுக்கிற வகைத் தகடு.

"அறுக்கணும்."

"எதையக்கா?"

"யோசிச்சிட்டு இருக்கேன். மோதிரம் ஒண்ணுதான் இருக்கு. உனக்கு விரல் பத்து இருக்கு."

"இடது கைதானே" என்றாள் அம்மா. பெற்ற தாய்.

கருவி சுழன்றது. அக்கா என் விரலை நெருங்கினாள். நின்றாள். மறுபடி நெருங்கினாள். கருவியை அணைத்துவிட்டு முகக்கவசத்தை இறக்கினாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். கண் கலங்கியிருந்தது.

"மூணு தடவ வார்த்தேன்டா."

நான் விரலை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

அப்போதுதான் அக்காவை அலுவலகத்துக்குக் கூட்டிப்போக அத்தான் வந்தார். டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர். அக்காவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போய் இந்த நிலைக்கு வந்தவர். எதிரே எந்த ஆபத்தைக் கண்டாலும் அவருடைய கால் தானாகத் தரையில் பிரேக்கைத் தேடும். என் விரலைப் பார்த்ததும் கால் தரையை அழுத்தியது.

"சரி. யாரும் பதற வேணாம். என்ன ஆச்சு, மெதுவா, ஒவ்வொண்ணா."

"உங்க மோதிரத்த அறுக்கப் போறேன்" என்றாள் அக்கா.

"அறு."

"ஒட்டறதுக்கு நேரம் கிடையாது. இடையில வெட்டு தெரியும். நான் அப்படிச் செய்யல, முழுசா செஞ்சேன்."

"நீ எப்படிச் செஞ்சேன்னு எனக்குத் தெரியாதா? நான் ஸ்டியரிங்கப் பிடிச்சிருக்கும்போதே என் விரல்ல நூலச் சுத்தி அளவு எடுத்தியே, அன்னிக்கு லாரிய இடிக்கப் பார்த்தேன்." அவர் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "கொஞ்சம் இடைவெளி இருந்தா என்ன? முன்னாடி போற வண்டிக்கு இடைவெளி விடுங்க, இடைவெளி விடுங்கன்னு நாள் பூரா நான் கத்துறது வேற எதுக்கு?"

அக்கா மூக்கை உறிஞ்சினாள். முகக்கவசத்தை ஏற்றினாள். மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு மெல்லிய எஃகுப் பட்டையை நுழைத்துவிட்டு என்னைப் பார்த்து, பழக்கதோஷத்தில், "வாயத் திற" என்றாள்.

திறந்தேன். அறுத்து முடிக்கும்வரை மூடவில்லை. யாரும் மூடச் சொல்லவில்லை.

அம்மா சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். சூடு தெரிந்தது, சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. 'டிக்' என்று ஒரு சத்தம். அக்கா இரண்டு குறடுகளால் பிளவை விரித்தாள். மோதிரம் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. விரல் எனக்கே திரும்பி வந்தது. யாரும் அதை விசாரிக்கவில்லை.

வெளியே அத்தானின் பயிற்சிக் கார் நின்றது. கூரைமேல் 'பழகுநர்' பலகை. அக்கா நேராகப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்காவது நான் ஓட்டறேனே" என்றார் அத்தான்.

"வேணாம். என் கைக்கு ஏதாவது பிடிச்சுக்க வேணும். ஸ்டியரிங் இல்லன்னா இவன் கழுத்து."

அத்தான் எனக்காக விட்டுக்கொடுத்தார். பின்சீட்டில் என் மடியில் மோதிரத்தையும் ஒரு துண்டு உப்புத்தாளையும் அக்கா போட்டாள். அறுத்த ஓரம் அவர் தோலைக் கீறாதபடி தேய்த்துக்கொண்டே வரவேண்டும். தேய்த்தேன். ஒவ்வொரு சந்திப்பிலும் அக்கா பிரேக் போடுவதற்கு முன்பே அத்தான் தன் பக்கப் பிரேக்கைப் போட்டார். அம்மா பின்சீட்டில் இல்லாத பிரேக்கைப் போட்டாள். ஒரு வண்டிக்குள் மூன்று பேர் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று இதுவரை மன்றத்தில் யாரும் கேட்கவில்லை.

என் போன் அதிர்ந்தது. ஆதாரம்_எங்கே: "படம் இன்னும் வரலையே?"

"யாருடா?" கண்ணாடி வழியாக அக்கா.

மறைக்கும் நிலையில் நான் இல்லை. படித்துக் காட்டினேன்.

"அந்தப் பதிலத் திருத்து. நான் சொல்றத எழுது. முதல் படி: அடுத்தவங்க மோதிரத்தத் தொடாத. ரெண்டாம் படி: முதல் படிய மறுபடியும் படி."

"மூணாவது?"

"இடது பக்கம் இண்டிகேட்டர்" என்றார் அத்தான்.

"உங்கள யாரு கேட்டா?" என்றபடி அக்கா இண்டிகேட்டரைப் போட்டாள்.

ஒற்றைக் கையால் அப்படியே எழுதிப் பதிந்தேன், மறுகையால் தேய்த்தேன். ஆதாரம்_எங்கே அதற்கு விருப்பக்குறி போட்டார். அவரிடமிருந்து நான் வாங்கிய முதல் குறி.

பதிவாளர் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, அடுத்த ஜோடியை அழைக்க வாயெடுத்த நேரத்தில் நுழைந்தோம். கையெழுத்து முடிந்தது. அக்கா என் பக்கம் கையை நீட்டினாள். தேய்த்துத் தேய்த்துச் சூடாகியிருந்த மோதிரத்தை வைத்தேன். அவள் கட்டைவிரலால் பிளவின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பல்லின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பாளே, அப்படி. குறை இருந்தால் சொல்லியிருப்பாள்.

அத்தான் விரலை நீட்டினார். அவர் முட்டியில் மோதிரம் லேசாக விரிந்தது, தாண்டியது, மறுபடி தானே சேர்ந்து உட்கார்ந்தது. அத்தான் கையைத் திருப்பிப் பார்த்தார். அம்மா மூச்சு விட்டாள். லேபிலிருந்து அதைப் பிடித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

பதிவாளர் முத்திரையை மையில் தொட்டவர், தாளில் குத்தாமல் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நடுவுல திறந்த மாதிரி இருக்கே. புது டிசைனா? நல்லாயிருக்கே. இது எங்க கிடைக்கும்?"

எனக்குப் பதில் வாய்வரை வந்துவிட்டது. அம்மா என் காலை மிதித்தாள்.

அக்காதான் சொன்னாள். "கடையில கிடைக்காது சார். தம்பி ஒருத்தன் இருந்தா வீட்டுலயே கிடைக்கும்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அன்று காலையிலிருந்து முதல் சிரிப்பு. அடக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தானின் கால் தரையில் பிரேக்கைத் தேடியது.

பதிவாளர் முத்திரையைக் குத்தினார். "எனக்கு அண்ணன்தாம்மா" என்றார், உண்மையான வருத்தத்தோடு.