டி டிரைவில் ஒரு காப்பி

சின்ன மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே பெரிய மாப்பிள்ளைக்கு வயிற்றெரிச்சல்தான். அதற்கு முன்னால் மாமியார் வீட்டில் எது பழுதானாலும் பெரியவரைத்தான் கூப்பிடுவார்கள். போனில் எழுத்து பொடிசாகத் தெரிந்தால் அவர். டிவியில் படம் வந்து சத்தம் வராவிட்டால் அவர். பிரிண்டர் தாளைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றாலும் அவர்தான். வேலை என்னவோ ஒரு குழாய் கம்பெனியில் கணக்கெழுதுவது. ஆனால் அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அவர் இன்ஜினியர். மாமியார் அக்கம்பக்கத்தாரிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள், அவரும் மறுக்கவில்லை.

மைத்துனி கட்டிக்கொண்டு வந்தவனோ நிஜமான இன்ஜினியர். ஒரு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிற வேலை. அதோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆசாமி எந்நேரமும் சிரித்த முகமாக வேறு இருந்தான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். 'சின்னவருக்கு எவ்வளவு பொறுமை பாரேன்' என்று மாமியார் சொல்லும்போதெல்லாம், பொறுமை இல்லாத இன்னொருவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாமியார் வீட்டில் கூடியிருந்தார்கள். பெரியவரின் மனைவி லேப்டாப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். அவள் படம் வரைகிறவள். குழந்தைகளுக்கான பறவைப் புத்தகம் ஒன்றுக்கு முப்பது சொச்சம் படங்கள், எல்லாம் அந்த லேப்டாப்பில் பேனாவால் வரைந்தவை. மறுநாள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அட்டையில் அவள் பெயர் வரப்போகிற முதல் புத்தகம். அதற்காக மாதக்கணக்கில் ஆபீஸ் விட்டு வந்து, சமைத்து, துவைத்து, மிச்ச நேரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரைந்திருந்தாள்.

லேப்டாப்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று அம்புக்குறி நட்டுவைத்த மாதிரி நின்றுவிடும். என்ன தட்டினாலும் அசையாது. சில நேரம் தானே உயிர் வரும், சில நேரம் அணைத்துத்தான் போட வேண்டும். அவள் கணவரிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். 'சூடாயிருக்கும், ஆஃப் பண்ணிப் போடு' என்பார். இரண்டு முறை எதையோ அழித்தார், எதையோ ஏற்றினார். இரண்டு நாள் ஒழுங்காக ஓடும், மறுபடி பழைய குருடிதான்.

சாப்பாடு முடிந்ததும் அவள் லேப்டாப்பை எடுத்துக் கூடத்து மேஜையில் வைத்தாள். கணவர் பக்கம் திரும்பவே இல்லை.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றாள்.

பெரியவருக்குச் சுருக்கென்றது. சொந்தப் பெண்டாட்டி. அவர் அங்கேதான், கையெட்டும் தூரத்தில், பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சின்னவன் உடனே எதையும் தொடவில்லை. டாக்டர் மாதிரி கேள்வி கேட்டான். "எப்ப நிக்குதுக்கா? படத்தைத் திறக்கும்போதா, சேமிக்கும்போதா?"

"ரெண்டும்தான். பழைய படம் சிலதைத் தொட்டாலே நிக்குது."

"கிர்ருனு, டிக்குனு ஏதாவது சத்தம்?"

"ஆமா, டிக் டிக்குனு வரும். ஃபேன்னு சொன்னாரு."

சொன்னவர் கூரையைப் பார்த்தார்.

சின்னவன் லேப்டாப்பை ஓடவிட்டு அதன் அடியில் கை வைத்துப் பார்த்தான். சூடில்லை. எதுவும் ஓடாதபோதே ஹார்ட் டிஸ்க் மட்டும் நூற்றுக்கு நூறு என்று திணறிக்கொண்டிருந்ததைக் காட்டினான். டிஸ்க்கின் உடல்நிலை சொல்லும் பக்கத்தைத் திறந்தான். அதில் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. ஒரு படத்தைப் பென்டிரைவுக்கு நகலெடுக்கப் பார்த்தான். கொஞ்சம் போய் அப்படியே நின்றது.

"வைரஸா இருக்கும்," என்றார் பெரியவர்.

"டிஸ்க் மேலதாண்ணா எனக்குச் சந்தேகம். போற நிலைமையில இருக்கு."

"போனா போகட்டுமே," என்று பெரியவர் கால் மேல் கால் போட்டார். இதற்காகத்தான் காத்திருந்தார். "எல்லாப் படத்துக்கும் டி டிரைவ்ல ஒரு காப்பி இருக்கு. நான் அப்பவே செட் பண்ணிக் குடுத்துட்டேன். இவ சேமிச்சா அங்கயும் தானா சேமிக்கும்."

மனைவியின் முகம் தெளிந்தது. சின்னவன் தலையைச் சொறிந்தான். சொல்லாமல் விட முடியாது, சொன்னால் வம்பு.

"அண்ணா, சியும் டியும் ஒரே டிஸ்க்தான். நடுவுல கோடு போட்டு ரெண்டா காட்டுது. டிஸ்க் போச்சுன்னா ரெண்டும் சேந்தே போயிரும்."

மைத்துனி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒரே பீரோவுல மேல் தட்டுல ஒண்ணு, கீழ் தட்டுல ஒண்ணா வச்சிருக்கீங்க மாமா," என்றாள்.

மாமியாருக்கு டியும் புரியவில்லை, சியும் புரியவில்லை. பெரிய மாப்பிள்ளைக்கு மூக்குடைந்தது மட்டும் புரிந்தது. மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கோபம்கூட இல்லை அதில். இத்தனை நாள் இந்த ஆளை நம்பியா இருந்தோம் என்கிற பார்வை. பெரியவருக்குக் காது வரை கொதித்தது.

சின்னவன் லேப்டாப்பை அணைத்து மூடினான். "வீட்டுல ஒரு கருவி இருக்குக்கா. கெட்ட இடத்தைத் தாண்டித் தாண்டி, பொறுமையா மத்ததைப் படிச்சு எடுக்கும். போய் எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் இதை யாரும் ஆன் பண்ண வேண்டாம். முக்கியமா ஸ்கேன் கீன் எதுவும் போட வேண்டாம். அது டிஸ்க் முழுக்கத் துருவும். கொஞ்ச நஞ்ச உசுரும் போயிடும்."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மாமியாரும் மைத்துனியும் சமையலறையில் பாத்திரம் துலக்கப் போனார்கள். மனைவி மொட்டைமாடிக்குப் போய்ப் பதிப்பகத்துக்காரரிடம் போனில் பேச ஆரம்பித்தாள். கூடத்தில் பெரியவரும் லேப்டாப்பும்தான்.

முதலில் அவர் வெறுமனே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு நினைத்துப் பார்த்தார். அவன் கருவியோடு வருவான். சுற்றி எல்லோரும் நிற்பார்கள். ஒவ்வொரு பறவையாக வெளியே வரும். மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதிசயிப்பாள். இவள் 'தம்பி, நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும்' என்பாள். அந்த ஒரு வாக்கியத்தை அவரால் சகித்துக்கொள்ள முடியவில்லை. இன்னும் யாரும் சொல்லவே இல்லை, அதற்குள் காதில் விழுந்துவிட்டது.

அவன் என்ன, பெரிய கொம்பனா? ஸ்கேன் போட்டால் கெட்ட இடத்தைச் சரிசெய்யும் என்று அதிலேயே எழுதியிருக்கிறதே. ஆபீசில் எத்தனை கம்ப்யூட்டருக்குப் போட்டிருக்கிறார். அவன் வருவதற்குள் சரிசெய்து, படங்களை வரிசையாகத் திறந்து வைத்துவிட்டால்? 'அடடே, உங்களுக்கு வீண் அலைச்சல் தம்பி' என்று சொல்லலாம். அந்த வாக்கியம் இனித்தது.

மூடியைத் திறந்து போட்டார். சொல்லி வைத்தாற்போல் மளமளவென்று வந்தது. இதைப் போய் சாகப்போகிறது என்றானே என்று நினைத்துக்கொண்டு ஸ்கேனைப் போட்டார். பத்து சதவீதம், இருபது சதவீதம். இருபத்தேழில் நின்றது. நிற்கட்டும், யோசிக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். உள்ளே டிக் என்றது. பிறகு டிக் டிக். பிறகு டடக் என்று ஒரு சத்தம், அவர் அதுவரை கேட்டிராத சத்தம். திரை கறுத்தது. டிஸ்க் எதுவும் இல்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது.

அணைத்தார். மூடினார். சின்னவன் வைத்த மாதிரியே மேஜை ஓரத்தோடு ஒட்டி வைத்தார். வயரைக்கூட அதே மாதிரி சுருட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் சொல்ல மாட்டார்.

சின்னவன் வந்து லேப்டாப்பைக் கவிழ்த்தான். ஸ்க்ரூவைக் கழற்றப் போனவன் கை ஒரு கணம் நின்றது. அடிப்பக்கம் சுடச்சுட இருந்தது. நிமிர்ந்து பேப்பரைப் பார்த்தான். பேப்பர் அசையவில்லை. டிஸ்க்கைக் கழற்றிக் கருவியில் மாட்டி, கையோடு கொண்டுவந்திருந்த தன் லேப்டாப்போடு இணைத்தான். எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

டடக். டடக். டடக்.

திரும்பத் திரும்ப மாட்டிப் பார்த்தான். ஒரு பறவையும் வரவில்லை.

"என்ன தம்பி?" என்றாள் மனைவி.

சின்னவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "தப்பு என்மேலதாங்க்கா. கழட்டும்போது கொஞ்சம் அசைச்சுட்டேன் போல. போற டிஸ்க்கு, தாங்கல."

மாமியார்தான் முதலில் பேசினாள். "விடுங்க மாப்பிள்ளை. நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நிலையிலும் அவன் தோளைத் தட்டினாள். "நீங்க மனசு கஷ்டப்படாதீங்க தம்பி. நீங்களாவது பாத்தீங்களே."

பேப்பருக்குப் பின்னால் பெரியவர் தப்பித்துவிட்டார். சின்னவனைத் தவிர யாருக்கும் தெரியாது, இனி தெரியவும் போவதில்லை. ஆனால் அவருக்கு நிம்மதி வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது. அட பாவி, தப்பு செய்தால்கூட உனக்குத் தோளில் தட்டா? நான் கெடுத்ததையும் நீயே எடுத்துக்கொண்டு, அதிலும் நல்ல பேர் வாங்கிக்கொள்வாயா? எனக்கென்று இந்த வீட்டில் எதைத்தான் விட்டுவைப்பாய்?

பேப்பரைக் கீழே போட்டார்.

"அவர் ஒண்ணும் அசைக்கல," என்றார். "நான்தான் ஆன் பண்ணி ஸ்கேன் போட்டேன்."

சின்னவன் "அண்ணா" என்று தடுக்கப் பார்த்தான். "நீ சும்மா இரு," என்றார். "செஞ்சது நானு."

மனைவி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"ஏன்?"

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். சரியாகும் என்று நினைத்தேன், அவசரத்துக்குச் செய்தேன் என்று. ஆனால் வாயில் வந்தது உண்மை. "அவர் வர்றதுக்குள்ள நான் சரி பண்ணிடணும்னு பாத்தேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வரைகிற பேனாவைப் பையிலிருந்து எடுத்தாள்.

"தம்பி, உங்க லேப்டாப்பைக் கொஞ்ச நாளைக்குக் குடுங்க. பதிப்பகத்துல ஒரு மாசம் தவணை கேக்கறேன். முதல்லேருந்து வரையணும்."

"எடுத்துக்குங்கக்கா. அந்த டிஸ்க்கையும் தெரிஞ்ச எடத்துல காட்டறேன். நம்பிக்கை வைக்க வேணாம்."

அவள் சின்னவனின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்தாள். பெரியவர் எழுந்து வயரை எடுக்கப் போனார்.

"நீங்க எதையும் தொடாம உக்காருங்க," என்றாள் திரும்பாமல். "அது போதும்."

உட்கார்ந்தார். வெளியே வெயில் இறங்கி, விளக்குப் போடுகிற நேரமாகிவிட்டது. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். திரையில் மறுபடி முதல் குருவிக்கு அலகு வந்தது, கண் வந்தது. சின்னவனின் லேப்டாப் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு தடவையாவது இந்தச் சனியனும் நின்று தொலையக்கூடாதா என்று அவர் மனசு கேட்டது. இத்தனைக்குப் பிறகும் கேட்டது.

அவள் வால் இறகில் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது அது நிஜமாகவே நின்றது. அம்புக்குறி அசையவில்லை. அவள் பேனா அந்தரத்தில் அப்படியே இருந்தது, மூச்சையும் நிறுத்திவிட்டாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது பக்கத்திலிருந்த அவருக்குத் தெரிந்தது.

"நின்னுடாதப்பா," என்று முணுமுணுத்தார் பெரியவர், சின்னவனின் லேப்டாப்பைப் பார்த்து. "தயவு பண்ணி நின்னுடாத."

அது ஓடியது. அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. வாலை வரைந்து முடித்தாள்.