துடைத்த டப்பா

பாப்பாரப்பட்டிப் பக்கம் கடலைப் புண்ணாக்கு தின்ற மாடுகள் செத்துக்கொண்டிருந்த வருடம் அது. பூஞ்சை பிடித்த கடலையின் நஞ்சுதான் காரணம் என்றாள் பெங்களூரிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரி செசிலி. முயல் ரத்தத்திலிருந்து எடுத்த, நஞ்சைக் கவ்விப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பூசிய கம்பியைப் புண்ணாக்குக் கரைசலில் விட்டால், நஞ்சு கடுகளவு இருந்தாலும் கம்பியோடு இணைத்த பெட்டியின் முள் எகிறுமாம். இந்த ஊரில் பலிக்காவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டச் சொல்லியிருந்தார் அவளுடைய பேராசிரியர்.

ஊர்ப் பெரியவர் பிலவேந்திரன் லேசில் யாரையும் நம்புகிற ஆளில்லை. ஊரைக் கூட்டிவைத்து, புண்ணாக்கு போட்ட மூன்று டப்பாக்களை அவளிடம் நீட்டினார். இரண்டில் முள் அசையவில்லை. மூன்றாவதில் எகிறியது.

"மாட்டிக்கிட்டயா கண்ணு! மூணும் ஒரே மூட்டை. நல்ல புண்ணாக்கு, என் கையால அள்ளுனது."

ஊரே சிரித்தது.

"முயலுக்கு மப்பு ஏறிப்போச்சாட்டம்" என்றான் பக்கத்துக் காட்டுச் சென்றாயன்.

செசிலி பழைய கம்பியைக் கழற்றினாள். புதுக் கம்பி மாட்டிப் பார்த்தாள். மறுபடியும் எகிறியது.

"நீங்க எத்தன சிரிச்சாலும் இதுல நஞ்சு இருக்குதுங்க ஐயா."

பிலவேந்திரனின் மனைவி மிக்கேலம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அந்த டப்பாவா? பூசணக் கடலையப் பொறுக்கி அதுலதான் போட்டிருந்தேன். காலைல கொட்டிட்டு, முந்தானைல தொடச்சுத்தான் குடுத்தேன்."

"கழுவலயா?" என்றார் பிலவேந்திரன்.

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, எதுக்குக் கழுவறது?"

சிரிப்பு அடங்கிப்போனது. பிலவேந்திரன் டப்பாவையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தொடச்ச டப்பாவுல ஒட்டுனதயே புடிச்சிருச்சே!" என்றவர் சென்றாயன் பக்கம் திரும்பினார். "என்னடா பல்லக் காட்டற? ஓடு, வூட்டுல இருக்கற மூட்டையத் தூக்கிட்டு வா!"

செசிலி அடுத்த கம்பியை மாட்டுவதற்குள் ஊர் மூட்டையெல்லாம் வந்து வரிசை கட்டிவிட்டது.