ஊசிக் கோடு

லிப்ட் மெக்கானிக்குக்கு ஒரே ஓர் ஆசைதான். வெடித்த நட்சத்திரம் ஒன்றை இன்ன வகை என்று உலகத்திலேயே முதலில் சொன்னவன் தானாக இருக்க வேண்டும். மூன்று வருடமாக அவனும், அவன் மனைவியின் அண்ணனான பல் டாக்டரும், கிளினிக் மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து, வருகிற ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதில் எந்த வாயுவின் கோடு தெரிகிறது என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள். இதற்காகக் கடவுளிடம் வேண்டிக்கொள்ளவும் மெக்கானிக்குக்குக் கூச்சம். அவர் செய்து வைத்த நட்சத்திரம் வெடித்துப்போனதைப் பற்றி அவரிடமே போய் எந்த முகத்தோடு பேசுவது?

அன்று காலை வாய்த்தது. இன்னும் யாரும் தொடாத நட்சத்திரம். ‘இரண்டாம் வகை. ஹைட்ரஜன் கோடு தெரிகிறது’ என்று உலகப் பொதுப் பட்டியலுக்கு அனுப்பிவிட்டு, பல் பிடுங்கும் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

“எந்திரி மாப்ள, சீட்டைத் துடைக்கணும்” என்றார் டாக்டர்.

“இருங்க மச்சான். பெரிய மனுஷன் உக்காந்திருக்கேன்ல.”

போன் அடித்தது. செக்கர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நட்சத்திரம் பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அவருக்கு அதே வேலைதான். யார் தப்புச் செய்தாலும் நானூறு பேர் பார்க்கக் குழுவிலேயே போட்டு மானத்தை வாங்கிவிடுவார். இவர்களுடையதை மட்டும் ஆறு முறை வாங்கியிருக்கிறார்.

“தம்பி, அந்த ஹைட்ரஜன் கோட்டை நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன் சார். கம்பீரமா நிக்குதே.”

“நிக்குது, ஊசி மாதிரி. வெடிச்ச வாயு தலைதெறிக்க ஓடும்யா. அதோட கோடு உன் மச்சான் தொப்பை மாதிரி அகண்டு கிடக்கணும். இது அந்த கேலக்ஸியில சும்மா கிடக்குற வாயு. பக்கத்து வீட்டு லைட்டைப் பாத்துட்டு நம்ம வீட்ல கரண்ட் வந்துடுச்சுன்னு குதிச்சிருக்க. இடது பக்கம் ஒரு பள்ளம் இருக்கா பாரு.”

இருந்தது. சிலிக்கான் பள்ளம். சந்தேகமே இல்லாமல் ‘ஒன்று-ஏ’ வகை. மெக்கானிக்கின் கால் தானாகக் கீழே இறங்கியது.

“குழுவுல போட்டுட்டீங்களா சார்?”

“இன்னும் இல்ல. விரல் துடிக்குது. டீ குடிச்சுட்டு வந்து போடறேன். நான் ரொம்ப மெதுவாக் குடிக்கிற ஆளு. புரியுதா?”

போனை வைத்துவிட்டார்.

“தப்பிச்ச!” என்றார் டாக்டர். “சத்தமில்லாம மாத்திடு. உன் பேர்லயே நிக்கும்.”

மெக்கானிக் ஒற்றை விரலால் தட்டினான்: ‘இரண்டாம் வகை என்று தப்பாகச் சொல்லிவிட்டேன். சரியான வகை ஒன்று-ஏ. கண்டுபிடித்தவர் செக்கர்.’ வகைப்படுத்தியவர்கள் என்ற இடத்தில் முதலில் அவர் பெயர். அடுத்து தன் பெயர்.

“அடப்பாவி! மூணு வருஷமா கொசுக்கடி வாங்கினது நாமடா!”

“உங்க பேரு மூணாவதா இருக்கு மச்சான்.”

அனுப்பிவிட்டான். கால் மணி நேரத்தில் மறுபடி போன்.

“யோவ், என் பேரை எதுக்குய்யா முதல்ல போட்ட?”

“நீங்கதானே சார் கண்டுபிடிச்சீங்க.”

“முப்பது வருஷத்துல எத்தனையோ பேரைப் பிடிச்சிருக்கேன். ஒருத்தனும் தானா வந்து மாட்டினதில்ல. மாத்துடா. முழிச்சுக் கிடந்தவன் நீ.”

“மாட்டேன் சார்.”

“டேய், பெரியவன் சொல்றேன்!”

“எவ்வளவு பெரியவரா இருந்தாலும் மாட்டேன் சார்.”

டாக்டர் போனைப் பிடுங்கினார். “சார், உங்க ரெண்டு பேருக்குமே வேணாம்னா என் பேரை முதல்ல போட்டுடுங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல.”