நாக்கில் படாத கசப்பு

பேரம் பேசாமல் வாங்கிய எதிலும் பறக்கத்து என்னும் இறையருள் இல்லை என்பது காத்தான்குடிச் சீலை வியாபாரி உசனாரின் நம்பிக்கை. மனைவி றபீக்காவுக்குப் நாட்டுவைத்தியப் பரிசாரி வினாயகமூர்த்தி கொடுத்த நிலவேம்புக் கசாயத்திலும் அவர் கசப்பைக் குறைக்கப் பார்த்தார். வற்றக் காய்ச்சி உருட்டி, பேரீச்சம்பழத்துக்குள் பொதிந்து விழுங்கக் கொடுத்தார். மலேரியாவுக்குப் பிறகு பசியற்று, தின்றதும் செரியாமல் கிடந்தவள் இன்னும் கரைந்து எலும்பானாள்.

உசனார் தோணியேறி வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்குப் பரிசாரியிடம் ஓடி, பேரீச்சம்பழத்தில் பொதிந்து கொடுத்ததைச் சொன்னார்.

"கடையையே எழுதித்தாறன், வேற மருந்து தாங்க பரிசாரியார்!"

"மருந்து சரிதான் முதலாளி. கசப்பு நாக்கில பட்டாத்தான் வயிறு முழிச்சு நீர் சுரக்கும். நீங்க நாக்கையே ஏமாத்திப்போட்டீங்க. அந்த வித்தையைக் கடையோட வெச்சிருக்கப்படாதா?"

வீட்டில், கசாயச் சிரட்டையைக் கண்டதும் றபீக்கா வாயை இறுக்கினாள்.

"ஒரு மடக்கு, கிளி."

"ஒரு சொட்டு."

"மடக்கு."

"சீனி போட்டுத் தாங்களன்."

"இதுல குறைக்க ஏலா புள்ள." அவர் குரல் உடைந்தது.

றபீக்கா அவரையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். கசப்பில் முகம் சுருங்கியது. கடைவாயில் எச்சில் ஊறி வழிந்தது. வயிறு விழிக்க அது போதுமா என்று அவருக்குத் தெரியாது. அடுப்படிப் பக்கம் திரும்பி, கஞ்சி கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்.