அறையில் வேறு ஆள் கூடாது

உனாய்சியின் மாமனாரை நாற்காலியோடு தூக்கினார்கள். நாற்காலியின் முன்கால்களை அவள் புருஷன் அபெனிசா பிடித்தான், பின்கால்களை அவன் மச்சான் ஃபிலிமோன். சர்க்கரை நோயில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். கட்டு நனையாமல் இருக்க உனாய்சி அதில் ரொட்டிப் பையைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டியிருந்தாள். வெளியே தூறல்.

"எனக்கு கம்ப்யூட்டரத் தொடக்கூடத் தெரியாது. உள்ள இருந்து உன் பொண்டாட்டிக்கு என்னத்தடா சொல்லிக் குடுத்துரப் போறேன்?" என்றார் கிழவர்.

"ரூல் மாமா," என்றான் ஃபிலிமோன். "ரூம்ல வேற ஆள் கூடாது, சத்தம் கூடாது. உங்க குறட்டைக்குன்னே தனியா ஒரு ரூல் போட்டிருக்கான்."

"உன் வாய்க்கு முதல்ல போடச் சொல்லு," என்றான் அபெனிசா.

"வாசப்படி வழுக்குது மச்சான், பாத்து. அவருக்கு மிச்சம் இருக்கறது ஒரு காலுதான்."

பக்கத்து வீட்டுத் தகரச் சாய்ப்பின் கீழே அவரை இறக்கினார்கள். பிள்ளைகள் முன்பே அந்த வீட்டுக்குள் பிஸ்கட்டும் கையுமாக இருந்தார்கள். உனாய்சி சுவரிலிருந்து காலண்டரை, கல்யாணப் போட்டோவை, கடைசியாகச் சிலுவையைக் கழற்றிப் படுக்கையறைக்குக் கொண்டுபோனாள். சுவரில் எழுத்தோ படமோ இருக்கக் கூடாது. ஆணிகள் மட்டும் நின்றன.

தலைநகர் சுவாவில், கால் சென்டர் ஒன்றில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஆஸ்திரேலியாவிலிருந்து கூப்பிடுகிறவர்களின் கம்ப்யூட்டர் கோளாறுகளைப் போனிலேயே சரிசெய்து கொடுப்பாள். திங்கட்கிழமை புது கான்டிராக்ட் தொடங்குகிறது. நெட்வொர்க் பரீட்சையில் பாஸாகி சர்டிபிகேட் வைத்திருப்பவர்கள்தான் அதில் உட்காரலாம். மற்றவர்களுக்கு ட்ரெய்னி சம்பளம். அந்தச் சம்பளத்தில் மாமனாரைக் கட்டு மாற்ற டாக்சியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது. பரீட்சைப் பணத்தை ஆபீஸ் முதலில் கட்டும், தோற்றால் சம்பளத்தில் பிடிக்கும். அவளுக்கு ஒருமுறை பிடித்தாகிவிட்டது. நகரத்துப் பரீட்சை மையத்தில் இந்த மாதம் இடமில்லை. வீட்டிலேயே, கேமரா முன்னால் எழுத வேண்டியதுதான்.

லேப்டாப்பில் ஒரு பெண்குரல் பேசியது. எந்த ஊரிலிருந்து என்று தெரியவில்லை, முகமும் தெரியவில்லை.

"மேஜைக்கு அடியில காட்டுங்க. காது ரெண்டையும் காட்டுங்க. கைய முழங்கை வரைக்கும் காட்டுங்க."

காட்டினாள்.

"உங்க முடி ரொம்ப அடர்த்தியா இருக்கு. உள்ள விரல விட்டுக் காட்டுங்க."

உனாய்சி தன் வட்டச் சுருள்முடிக்குள் பத்து விரலையும் விட்டுத் துழாவினாள்.

"இன்னொரு தடவ. மெதுவா. பின்பக்கமும்."

வீட்டில் பிள்ளைகள்கூட அனுமதி இல்லாமல் தொடாத தலை அது. ஸ்கூலில் பேன் பார்க்க வரும் நர்ஸ் முன்னால் நின்றதுபோலக் குனிந்து, பின்கழுத்தைக் கேமராவுக்குக் காட்டினாள்.

கேள்விகள் வந்தன. போன தடவைபோல் இல்லை. பாதிக்கு மேல் தாண்டியபோது அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதடு அசையாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பரீட்சை நடப்பதைத் தெருமுனையில் எல்லாருக்கும் சொல்லி நிறுத்த ஃபிலிமோன் நின்றான். ஆற்றுச் சிப்பி விற்கும் லைசானி அவன் கண்ணில் படாமல் பின்பக்க ஒற்றையடிப் பாதையில் வாசலுக்கு வந்தாள்.

"உனாய்சி, நல்லா இருக்கியாம்மா?"

வாசலைத் தாண்டுகிறவர்களைச் சாப்பிடக் கூப்பிடாமல் விடுகிற வீடு அந்தத் தெருவில் கிடையாது. சட்டி காலியாக இருந்தாலும் கூப்பிடுவார்கள். பேச வந்த வயசிலிருந்து உனாய்சியின் வாய் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

"வாங்கக்கா, சாப்ட்டுப் போங்க."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தெரிந்தது. கண் அப்போதும் திரையில்தான் இருந்தது. திரை சாம்பல் நிறமானது. மூலையில் ஒரு பெட்டி திறந்தது. வேறு நபருடன் பேசினீர்கள். உங்கள் தேர்வு ரத்து செய்யப்படுகிறது.

உனாய்சி வேகமாகத் தட்டினாள். யாரும் உள்ளே வரவில்லை. தெருவில் போனவர்.

நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள்?

சாப்பிட வரச் சொன்னேன்.

பெட்டி மூடிக்கொண்டது.

அதற்குள் லைசானி கூடையை வாசலில் வைத்துவிட்டு, ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா இருக்கு? காலையில இருந்து பச்சத்தண்ணி இல்ல எனக்கு."

சத்தம் வரும் என்று காலையிலிருந்து அடுப்பே பற்றவைக்கவில்லை. உனாய்சி எழுந்தாள். ரொட்டியில் வெண்ணெய் தடவினாள், தேநீர் போட்டாள். கொஞ்சம் சர்க்கரை தரையில் சிந்தியது.

"சுவரெல்லாம் ஏன் மொட்டையா கெடக்கு? வீடு மாத்துறீங்களா?"

"வெள்ளையடிக்கலாம்னு இருக்கோம்க்கா."

"அடிங்க அடிங்க. உனக்கென்ன, ஆபீஸ் உத்தியோகம்." லைசானி வயிறு நிறையச் சாப்பிட்டாள். போகும்போது இரண்டு கை சிப்பியை அள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

கிழவரைத் தூக்கி வந்தபோது நாற்காலியிலிருந்து சொட்டியது. மழைத் தண்ணீர் என்றுதான் உனாய்சி நினைத்தாள். பிறகு வாடை வந்தது. ரொட்டிப் பைக்குள்ளும் மூத்திரம் இறங்கி, கட்டு மஞ்சளாக ஊறியிருந்தது.

"கூப்பிட்டிருக்கலாமேப்பா," என்றான் அபெனிசா.

"சத்தம் போடக் கூடாதுன்னீங்களேடா." அவர் மகனைப் பார்க்கவில்லை. "அடக்கிரலாம்னு பாத்தேன். பாஸாயிட்டியாம்மா?"

"இல்ல மாமா," என்றாள் உனாய்சி. மண்டியிட்டு ரப்பர் வளையத்தைக் கழற்றினாள்.

திங்கட்கிழமை மேனேஜர் அவினேஷ் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான்.

"சாப்பிடக் கூப்பிட்டியாமே? பரீட்சை நடுவுல? நம்ம சிட்னி ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிக்கறாங்க."

"சார், பணத்த ரெண்டு தவணையா பிடிங்க."

"அதெல்லாம் ஒரே பிடிதான். இப்ப அது இல்ல விஷயம். நம்ம ரொனிதா பிரிஸ்பேன் போயிட்டா தெரியும்ல? பாஸானவ. கான்டிராக்ட் லிஸ்ட்ல அவ பேரு இன்னும் எடுக்கல. பத்து சர்டிபிகேட்னு கணக்குக் குடுத்துட்டோம், ஒரு சீட்டு காலியா இருக்கக் கூடாது. நீ அதுல உக்காரு."

"அந்தச் சம்பளமா சார்?"

"நீ எங்க பாஸான? ட்ரெய்னி சம்பளம்தான். வேலை ஒண்ணும் புதுசில்லையே உனக்கு. போன்ல பேரு மட்டும் மாத்திச் சொல்லு."

இந்த வாரம் மாமனாரின் கட்டை இரண்டு தடவை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரொனிதாவின் மேஜையில் போய் உட்கார்ந்தாள்.

பாஸான ஒன்பது பேரையும் போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். பலூன் கட்டிய சுவரோரம் நீலநிற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு வரிசையாக நின்றார்கள். உனாய்சியின் நாற்காலி கேமரா பார்வைக்குள் இருந்தது. அவினேஷ் கையசைத்தான். அவள் நாற்காலியை மூன்றடி தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

பத்து மேஜையிலும் விளக்குகள் மின்னத் தொடங்கின. "யாராவது எடுங்கப்பா," என்று வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள். உனாய்சி ஹெட்செட்டைச் சுருள்முடிமேல் அழுத்தி மாட்டினாள்.

"காலை வணக்கம் சார். நான் ரொனிதா பேசறேன். என்ன பிரச்சனை, சொல்லுங்க."